கைக்குத் தட்டுப்படாத கட்டி

அடி அண்ணாமலை
4 மார்ச் 2025

சிந்துவுக்கு,

மாமா எழுதுகிறேன். கிழித்துப் போடுவதற்கு முன் ஒரு தடவை படித்துவிடு. என் நம்பரை நீ பிளாக் செய்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. என் மகன் பிரகாஷ் நம்பரிலிருந்து கூப்பிட்டேன், அதுவும் போகவில்லை. அதனால்தான் தபால். உன் விலாசத்தைச் சந்திரகலா சித்தியிடம் வாங்கினேன். அவளைத் திட்டாதே.

பொங்கலுக்கு முன்னால் கழுத்தின் இடது பக்கம் ஒரு வீக்கம் வந்தது. வலி இல்லை. அப்போது நெல்லிக்காய் அளவு, இப்போது எலுமிச்சம்பழம் அளவு. சாயந்திரமானால் காய்ச்சல் அடிக்கிறது, வேர்த்துச் சட்டை நனைந்துவிடுகிறது. எட்டு கிலோ குறைந்துவிட்டேன். ஐந்து வாரம் என் கஷாயத்தையே குடித்தேன். கட்டி வளர்ந்ததே தவிரக் குறையவில்லை.

போன மாதம் யாரிடமும் சொல்லாமல் வேலூர் போய் ஒரு டாக்டரிடம் காட்டினேன். கட்டியிலிருந்து கொஞ்சம் வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். லிம்போமா என்று தாளில் போட்டிருக்கிறது. நிணநீர்க் கணுவில் வரும் புற்றுநோயாம். "உடனே கீமோ ஆரம்பிக்கணும், தள்ளிப்போடாதீங்க" என்றார்.

இந்தப் பக்கத்தில் எங்கே சேர்ந்தாலும் யாராவது பார்த்துவிடுவார்கள். செங்கம் ரோட்டில் என் போர்டு பதினெட்டு வருஷமாகத் தொங்குகிறது. புற்றுநோய்க்கு மருந்து கொடுக்கிற தசரதன் கீமோ ஏற்றிக்கொள்கிறான் என்று தெரிந்தால், வெளிநாட்டுக்காரர் முதல் உள்ளூர்க்காரர் வரை ஒருவரும் படியேற மாட்டார்கள். நீ கீமோ வார்டில் நர்ஸாக இருக்கிறாய். விஷயம் வெளியே வராமல் சென்னையில் சேர்த்துவிட்டால் போதும்.

அக்கா உயிரோடு இருந்தால் உன்னிடம் சொல்லிச் செய்யவைத்திருப்பாள்.

மாமா
தசரதன்

✦

சென்னை
10 மார்ச் 2025

தசரதன் அவர்களுக்கு,

கிழிக்கவில்லை. நான்கு தடவை படித்தேன். லிம்போமா என்ற சொல் வரும் இடத்தில் ஒவ்வொரு தடவையும் நின்று, திரும்பவும் படித்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை.

அம்மாவை நீங்கள்தான் இழுத்தீர்கள். அதனால் அவளைப் பற்றியே பேசுவோம். 2021 ஆகஸ்டில் அவள் மார்பில் மூன்று சென்டிமீட்டர் கட்டி இருந்தது. எட்டு முறை மருந்து ஏற்றி, பிறகு அறுவை சிகிச்சை என்று டாக்டர்கள் முடிவு செய்தார்கள். இரண்டு முறை ஏற்றினார்கள். தலைமுடி சீப்போடு வந்தது, வாயெல்லாம் புண். அப்போது நீங்கள் வந்தீர்கள். "விஷத்தை ஏத்துறாங்கக்கா உனக்கு. என்கிட்ட விடு, மூணு மாசத்துல கரைச்சிக் காட்டுறேன்" என்றீர்கள். நான் அப்போது நர்சிங் ஹாஸ்டலில் இருந்தேன். போனில் அம்மா, "கட்டி சின்னதாயிடிச்சிடி, மாமா மருந்து கேக்குது" என்றாள். அது அந்த இரண்டு முறை ஏற்றிய மருந்தால் சுருங்கியது. உங்கள் கஷாயத்தால் இல்லை. கட்டி சுருங்கியிருந்த அந்த நாட்களில்தான் அவளை உங்கள் போர்டுக்கு முன்னால் நிறுத்தி, "என் தம்பி மருந்துலதான் நல்லா ஆனேன்" என்று வீடியோ எடுத்தீர்கள்.

2022 நவம்பரில் செத்தாள். கல்லீரலுக்கும் முதுகெலும்புக்கும் பரவியிருந்தது. பதினாறாம் நாள் காரியத்தில், சோறு பரிமாறும் பந்தியில் நின்று, "அந்த ரெண்டு ஊசிதான் எங்கக்காவைக் கொன்னுடிச்சி" என்று ஊரே கேட்கச் சொன்னீர்கள்.

புற்றுநோய் என்றால் என்னவென்று தெரியாமலே பதினெட்டு வருஷம் அதற்கு மருந்து விற்றிருக்கிறீர்கள். இப்போது தெரிந்துகொள்ளுங்கள், உங்கள் கழுத்திலேயே நடக்கிறதே. நம் உடம்பில் ஒரு செல் இரண்டாகப் பிரியும் முன், தனக்குள் இருக்கும் மரபுக் குறிப்பு முழுவதையும் ஒரு பிரதி எடுக்கும். பிறகு இரண்டு பிரதிகளையும் நடுவில் வரிசையாக நிறுத்தி, மெல்லிய இழைகளால் ஆளுக்கொரு பக்கம் இழுத்துப் பிரிக்கும். வழியில் சோதனைச் சாவடிகள் உண்டு. பிரதியில் பிழை இருந்தால் அங்கே நிறுத்திச் சரிசெய்யும். சரிசெய்ய முடியாவிட்டால் அந்தச் செல் தன்னையே அழித்துக்கொள்ளும். புற்றுநோயில் அந்தச் சாவடிகள் உடைந்துவிடுகின்றன. பிழையோடு பிரியும், பிரிந்தது மறுபடி பிரியும். "போதும்" என்று உடம்பு சொல்வது அதன் காதில் விழாது. அதற்குப் பசி மட்டும்தான் தெரியும். உங்களைப் போல.

உங்களைச் சேர்க்க முடியும். ஆனால் ஒன்று செய்யவேண்டும். அம்மாவுக்கு என்ன சொன்னீர்கள், என்ன கொடுத்தீர்கள், என்ன தெரிந்தும் மறைத்தீர்கள் என்பதையெல்லாம் உங்கள் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். வந்தால் தேதி வாங்குவேன். வராவிட்டால் உங்கள் கஷாயம் இருக்கிறது.

சிந்துஜா

✦

அடி அண்ணாமலை
16 மார்ச் 2025

சிந்துவுக்கு,

மூன்று தாள்களை எழுதிக் கிழித்துவிட்டேன். இது நான்காவது.

கன்னியம்மாள் என் அக்கா. கீமோவை நிறுத்தச் சொன்னது நான்தான். அவளுக்கு நித்தியகல்யாணி இலையும் இன்னும் ஆறு சரக்கும் போட்டுக் கொதிக்கவைத்து, பனைவெல்லம் சேர்த்துக் கொடுத்தேன். புற்றுநோய்க்கு அது கேட்கும் என்பதற்கு என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. நான் யாரிடமும் வைத்தியம் படிக்கவில்லை. நாட்டு மருந்துக்கடையில் பொட்டலம் கட்டிய காலத்தில் கேட்டதை வைத்துத்தான் போர்டு மாட்டினேன்.

உனக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. அதை எழுதாமல் விட்டாலும் உனக்குத் தெரியவராது. ஆனாலும் எழுதுகிறேன். 2022 சித்திரையில் அக்கா கடைக்கு வந்தாள். கூட்டம் போன பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தசரதா, அக்குள்ல இன்னொண்ணு தட்டுப்படுதுடா. சிந்துகிட்ட சொல்லட்டுமா?" என்று கேட்டாள். தொட்டுப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. "வேணாம்க்கா. உள்ள இருக்கறது வெளிய வருது, அப்படித்தான் கரையும். அவளுக்குப் பரீட்சை நேரம்" என்றேன். அவள் தலையாட்டினாள். அந்த வீடியோவைப் பார்த்து அந்த மாதம் மட்டும் நாற்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். அவள் திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போனால் என் பெயர் போய்விடும் என்று நினைத்தேன்.

பதினாறாம் நாளில் நான் சொன்னதும் பொய்.

இது என் கையெழுத்து.
ச. தசரதன்

✦

சென்னை
24 மார்ச் 2025

தசரதன் அவர்களுக்கு,

அம்மா அக்குளில் தட்டுப்பட்டதைச் சொன்ன இடத்தைப் படித்ததும் எழுந்து போய், வார்டில் துவைத்த போர்வைகள் அடுக்கும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். இதுவரை உங்களை முட்டாள் என்று நினைத்து வெறுத்தேன். அது தப்பு. உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

என்னிடம் சொல்லட்டுமா என்று கேட்டிருக்கிறாள். நான் ஒரு போன் தூரத்தில் இருந்தேன்.

ஏப்ரல் 7, திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வாருங்கள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை, மொத்தம் ஆறு முறை. உங்களுக்கு ஊசி போட நான் வரமாட்டேன். என் கையை நான் நம்பவில்லை.

என்ன ஏற்றப் போகிறார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன், அம்மாவிடம் விஷம் என்றீர்களே. ஒரு மருந்து உங்கள் நோய் செல்லின் மேல் இருக்கும் ஓர் அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு, "இவனை அடி" என்று உடம்பின் காவலுக்குக் காட்டிக்கொடுக்கும். இன்னொன்று அந்தச் செல்லின் மரபுக் குறிப்பில் இருக்கும் இரண்டு சரங்களையும் பசை போட்டதுபோல ஒட்டிவிடும், பிரதி எடுக்கவே முடியாது. சிவப்பாக ஒன்று வரும். அதைப் பார்க்காமல் அம்மா கண்ணை மூடிக்கொள்வாளே, அதே மருந்து. பிரதி எடுப்பதற்காகச் செல் தானே வெட்டிக்கொள்ளும் சரத்தை அது மறுபடி ஒட்டவிடாது. நான்காவது, இரண்டாகப் பிரியும்போது இழுக்கும் இழைகளையே உருவாகவிடாமல் செய்யும். செல் பாதி வழியில் மாட்டிக்கொண்டு சாகும். கூடவே ஐந்து நாள் மாத்திரை.

அந்த நான்காவது மருந்தை எதிலிருந்து எடுக்கிறார்கள் தெரியுமா? நித்தியகல்யாணியிலிருந்து. கிரிவலப் பாதையோரம் பூத்துக் கிடக்கிறதே, அதிலிருந்து. குவியல் குவியலாக இலையைச் சேர்த்தால் சிட்டிகை அளவு கிடைக்கும். அதைப் பிரித்து, அளந்து, எத்தனையோ பேர் வருஷக்கணக்கில் சோதித்திருக்கிறார்கள். எனக்கு மூலிகை மேல் கோபம் இல்லை. முறையாகப் படித்த சித்த மருத்துவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் இதைப் பார்த்தவுடன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பார்கள். அளவும் தெரியாமல் நோயும் தெரியாமல் பனைவெல்லத்தில் கலந்து ஊற்றினீர்களே, அதைத்தான் சொல்கிறேன்.

வேகமாகப் பிரியும் எல்லாச் செல்லையும் இந்த மருந்துகள் அடிக்கும். முடியின் வேர், வாய், குடல் எல்லாமே. உங்கள் முடி இருபது நாளுக்குள் கொட்டும். வாய் வெந்துபோகும். அம்மா பட்டதை ஒவ்வொன்றாகப் படுவீர்கள். நல்லது.

சிந்துஜா

✦

அடி அண்ணாமலை
15 மே 2025

சிந்துவுக்கு,

இரண்டாவது முறையும் ஏற்றி முடித்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. நீ சொன்ன மாதிரியே முடி போய்விட்டது. தொப்பி போட்டுக்கொண்டு உட்காருகிறேன், அண்ணாமலையாருக்கு மொட்டை போட்டதாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

நல்ல சேதிதான் எழுதுகிறேன். கட்டி போயேவிட்டது! கழுத்தைத் தடவிப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. காய்ச்சல் இல்லை, வேர்வை இல்லை. ஆனால் விரல் நுனி மரத்துப்போகிறது, சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. வாயில் எச்சில் விழுங்கினால் உயிர் போகிறது. அதனால் 19ஆம் தேதி வரப்போவதில்லை. போதும் என்று முடிவு செய்துவிட்டேன். உனக்கு நன்றி.

இன்னொன்றும் சொல்லவேண்டும், நீ கோபப்படாமல் இருந்தால். சித்ரா பௌர்ணமி அன்று கடையில் நிற்க இடமில்லை. நம் ஊர் அருணாதேவி என்று ஒரு பெண் வந்தாள். இருபத்தொன்பது வயது, மார்பில் கட்டி. டாக்டர் மருந்து ஏற்றச் சொன்னாராம், பயந்துகொண்டு இங்கே வந்திருக்கிறாள். "உங்கக்கா வீடியோ பாத்தேங்க. அவங்களுக்கே நல்லாயிடிச்சின்னா எனக்கும் ஆயிடும்ல?" என்று கேட்டாள். பிரகாஷ் அந்த வீடியோவை இன்னும் எடுக்காமலே வைத்திருக்கிறான். கூட்டத்தில் என்ன சொல்வதென்று தெரியவில்லை. பிரகாஷ் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டான்.

மனசு என்னவோ மாதிரி இருக்கிறது. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

மாமா

✦

சென்னை
24 மே 2025

தசரதன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் 19ஆம் தேதி, நீங்கள் வராமல் போன அன்றே கிடைத்தது. உடனே ஓர் அஞ்சலட்டையில், "சரி, உங்கள் இஷ்டம்" என்று எழுதினேன். மூன்று நாள் அதைப் பையிலேயே வைத்திருந்தேன். அதைப் பெட்டியில் போட்டிருந்தால் என் வேலை முடிந்திருக்கும். நான் ஒரு பொய்கூடச் சொல்லியிருக்க வேண்டாம். அம்மாவும் இரண்டு முறையோடுதான் நிறுத்தினாள்.

விரலால் தடவிக் கட்டி இல்லை என்கிறீர்கள். நெல்லிக்காய் அளவுக் கட்டியில் நூறு கோடிக்கு மேல் செல்கள் இருக்கும். ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் இருப்பதில் பெரும்பகுதி சாகும், மிச்சம் தப்பிக்கும். கைக்குத் தட்டுப்படாமல் போன பிறகும் கோடிக்கணக்கில் உள்ளே உட்கார்ந்திருக்கும். தப்பித்தவற்றில் மருந்துக்கு மசியாதவையும் இருக்கும். இப்போது விட்டால் அவைதான் பிரிந்து பெருகும். அடுத்த தடவை இதே மருந்து கேட்காமல் போகலாம். அதனால்தான் ஆறு முறை. விரல் மரத்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், அந்த மருந்தின் அளவைக் குறைப்பார்.

அட்டையைக் கிழித்துவிட்டேன். உங்கள் மேல் இரக்கப்பட்டு இல்லை. இப்போது நீங்கள் செத்தால் பிரகாஷ் உங்கள் படத்துக்கு மாலை போட்டு அந்தப் போர்டுக்குப் பக்கத்தில் மாட்டுவான். பெரிய வைத்தியர் போய்விட்டார் என்று ஊர் வந்து கும்பிடும். அப்படி உங்களைச் சாகவிட எனக்கு மனசில்லை. நீங்கள் இருக்கவேண்டும். இருந்து, நீங்கள் யார் என்று ஊர் தெரிந்துகொள்வதைப் பார்க்கவேண்டும்.

செத்துப்போன என் அம்மா இன்னும் உங்களுக்கு ஆள் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அருணாதேவியிடம் நீங்களே போங்கள். தொப்பியைக் கழற்றிவிட்டுப் போங்கள். அம்மா எப்படிச் செத்தாள், உங்கள் கட்டி எதனால் கரைந்தது என்று சொல்லுங்கள். அவளை இங்கே கூட்டி வாருங்கள். ஒரு வாரம் தருகிறேன். வராவிட்டால் நீங்கள் எழுதிக் கொடுத்த தாளைப் பிரதி எடுத்து, அடுத்த பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் நானே நின்று ஆளாளுக்குக் கொடுப்பேன்.

சிந்துஜா

✦

அடி அண்ணாமலை
2 ஜூன் 2025

சிந்துவுக்கு,

30ஆம் தேதி நான் மூன்றாவது முறை ஏற்ற வந்தபோது எங்களை வார்டில் பார்த்தாய். அருணாதேவி கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அதற்கு முன்னால் நடந்தது உனக்குத் தெரிய நியாயமில்லை, எழுதுகிறேன்.

புதன்கிழமை காலையில் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் புருஷன் மாறன் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தான். நாற்காலி போட்டான், "வைத்தியர் வீடு தேடி வந்திருக்காரு பாரு" என்று உள்ளே குரல் கொடுத்தான். நான் தொப்பியைக் கழற்றினேன்.

"எனக்குப் புத்துநோய்ம்மா. சென்னையில கீமோ ஏத்திக்கிறேன். என் மருந்துல கரையல. எங்கக்காவுக்கும் கரையல, செத்துட்டா" என்றேன்.

மாறனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் என் சட்டையைப் பிடித்துத் தூக்கினான். "பதினஞ்சி நாளா உன் தண்ணியக் குடிக்கறாடா அவ! செத்தவங்க வீடியோவக் காட்டியாடா யாவாரம் பண்ற?" என்றான். பொத்தானெல்லாம் தெறித்தது. அடிக்கட்டும் என்று நின்றேன். அருணாதேவிதான் குறுக்கே வந்தாள். "விடுய்யா. அடிச்சா எனக்கு நோவு போயிடுமா? இவரு எந்த ஆஸ்பத்திரிக்குப் போறாரோ அங்க என்னையும் கூட்டிட்டுப் போகட்டும்" என்றாள்.

பஸ்ஸில் மாறன் என் பக்கம் திரும்பவே இல்லை. செஞ்சி தாண்டியதும் அவள் என்னிடம், "ஊசி போட்டா ரொம்ப வலிக்குங்களா?" என்று கேட்டாள். அக்கா என்னிடம் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறாள். அன்று நான் என்ன பதில் சொன்னேன் என்பது உனக்குத் தெரியும். இவளிடம், "வலி கம்மிதாம்மா. வாந்திதான் ஜாஸ்தி. அதுக்கும் மாத்திரை குடுக்கறாங்க" என்றேன்.

வீடியோவை எடுக்கச் சொன்னேன். பிரகாஷ் முடியாதென்றான். அவன் போனைப் பிடுங்கி நானே அழித்தேன். அவன் பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போளூருக்குப் போய்விட்டான்.

மிச்சம் மூன்று முறைக்கும் வருவேன்.

தசரதன்

✦

சென்னை
20 செப்டம்பர் 2025

தசரதன் அவர்களுக்கு,

ஸ்கேன் முடிவு வந்துவிட்டது. உடம்பில் எங்கேயும் நோய் தெரியவில்லை என்று போட்டிருக்கிறது. ஆறு முறையும் முழுசாக முடித்ததால் கிடைத்த பலன் இது. திரும்பி வந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு வருஷத்துக்குள் வரும், அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்டவேண்டும். சந்தோஷம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

இதையும் நான் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். போன திங்கட்கிழமை திருவண்ணாமலை வந்திருந்தேன். கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர் கூட்டத்தில் உங்கள் மேல் மனு கொடுத்தேன். உங்கள் மார்ச் 16 கடிதம், அம்மாவின் ஆஸ்பத்திரிச் சீட்டுகள், நான் முன்பே எடுத்து வைத்திருந்த வீடியோவின் பிரதி எல்லாவற்றையும் சேர்த்தேன். மாறனும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

மார்ச் மாதமே கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால் சிகிச்சையை விட்டுவிட்டு ஓடியிருப்பீர்கள். விசாரணைக்கு உங்கள் காலில் நடந்து போகும் தெம்பு வரவேண்டும் என்று ஆறு மாதம் காத்திருந்தேன். என் நோயாளிகளில் உங்கள் ரத்த அறிக்கையைத்தான் அதிகம் எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவை ரத்த அணுக்களின் எண்ணிக்கை ஏறும்போதும் நாள் நெருங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சிந்துஜா

✦

அடி அண்ணாமலை
28 அக்டோபர் 2025

சிந்துவுக்கு,

நேற்று விசாரணை முடிந்தது. நீ வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பாலாஜி என்ற வக்கீலைப் பிரகாஷ் ஏற்பாடு செய்திருந்தான். வராந்தாவில் வைத்து அவர், "உடம்பு முடியாதவரை மிரட்டி எழுதி வாங்கிட்டாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சார், போதும். மனு நிக்காது. அந்தப் பொண்ணு வேலைக்கே ஆபத்து வந்துடும்" என்றார். பிரகாஷ் என் காலைப் பிடித்தான். அவனும் அந்தக் கடையில்தானே பிழைக்கிறான்.

உள்ளே அதிகாரி என் கடிதத்தைச் சத்தமாகப் படித்தார். அக்கா பேசியதை ஒரு பெண் அதிகாரி வாயால் கேட்க என்னால் முடியவில்லை. படித்து முடித்து, "இதை யாராவது மிரட்டி எழுதச் சொன்னாங்களா?" என்று கேட்டார்.

மிரட்டித்தான் வாங்கினாய். ஆனால் அக்குளில் தட்டுப்பட்டது உனக்குத் தெரியாது. அதை எழுதச் சொல்லி நீ மிரட்டவில்லை.

"நான்தான் எழுதினேங்க. எல்லாம் நெஜம்" என்றேன்.

கடைக்குச் சீல் வைத்துவிட்டார்கள். போலீஸில் வழக்கும் பதிவாகியிருக்கிறது. போர்டை இறக்கும்போது டீக்கடையிலிருந்தவர்கள் எல்லோரும் வெளியே வந்து நின்றார்கள். செங்கத்திலிருந்து ஒருவர் தன் மனைவி படத்தைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டே நின்றார். எனக்கு அந்த அம்மாவை ஞாபகம் இல்லை சிந்து. எத்தனை யோசித்தும் வரவில்லை.

ஊரில் தெருவில் நடந்தால் திரும்பிக்கொள்கிறார்கள். நீ நினைத்தது நடந்துவிட்டது. உனக்கு ஆறியதா என்று மட்டும் சொல்.

தசரதன்

✦

சென்னை
6 நவம்பர் 2025

தசரதன் அவர்களுக்கு,

முதலில் அருணாதேவி. அவளுக்கு மருந்து ஏற்றுவது போன வாரத்தோடு முடிந்தது. கட்டி நன்றாகச் சுருங்கியிருக்கிறது, இந்த மாதக் கடைசியில் அறுவை சிகிச்சை. முடி இன்னும் முளைக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு எட்டு முறையும் முடித்தாள். நேற்று என்னிடம், "அவருக்குத் தண்டனை ஆயிடுங்களாக்கா?" என்று கேட்டாள். ஆகும் என்றேன். "ஆகட்டும். ஆனா அவரு அன்னிக்கி வூட்டுக்கு வரலைன்னா நான் இன்னும் அதையேதான் குடிச்சிட்டிருப்பேன்" என்றாள். இதை உங்களுக்கு எழுதக்கூடாது என்றுதான் நினைத்தேன். அவள் சொன்னது அவளுடையது, அதை நான் வைத்துக்கொள்ள முடியாது.

என்னிடமிருந்து மன்னிப்பு வராது. கோர்ட்டில் சாட்சி சொல்லக் கூப்பிட்டால் முதல் ஆளாக வந்து நிற்பேன். அங்கே உங்களுக்குத் தெம்பு குறையாமல் இருக்கவேண்டும். டிசம்பர் 15 காலை எட்டு மணிக்குப் பரிசோதனை, தவறாமல் வந்துவிடுங்கள்.

ஆறியதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆறவில்லை. ஆனால் பொய்யும் சொல்லமாட்டேன். கடைக்குச் சீல் வைத்துவிட்டார்கள் என்று மாறன் போன் செய்தபோது மதியம் ஒரு மணி. போனை வைத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கும் மெஸ்ஸுக்குப் போய் உட்கார்ந்தேன். இரண்டு தடவை சோறு வாங்கினேன், குழம்பு கேட்டு ஊற்றிக்கொண்டேன். பரிமாறுகிற அம்மா, "இன்னாம்மா இன்னிக்கி, நல்ல பசி போல" என்று சிரித்தார். அம்மா செத்து மூன்று வருஷம் ஆகிறது. அன்றைக்குத்தான் எனக்குப் பசித்தது.

சிந்துஜா